பிரியாணிக் கடைக்கு எத்தனை வயது

முகம்மது ரியாஸ் என்ன வேலை பார்க்கிறான் என்று அவன் குடியிருக்கும் தெருவில் கேட்டால் வீட்டுக்கொரு பதில் கிடைக்கும். ஒரு வீட்டில் ‘கம்ப்யூட்டர்’ என்பார்கள். அடுத்த வீட்டில் ‘வீட்டுலதான் இருக்கான்’ என்று சொல்லிவிட்டு, ‘சும்மா’ என்ற சொல்லை மட்டும் நாகரிகம் கருதி விழுங்கிக்கொள்வார்கள். மூன்றாவது வீட்டில் அந்த நாகரிகமும் கிடையாது. ‘முப்பத்தெட்டு வயசுல போன்ல வெளையாடுதான், பாவம் அந்தப் பிள்ளை ஷிபா’ என்று முடித்துவிடுவார்கள்.

அவன் விளையாடவில்லை, விளையாட்டு செய்தான். சார்ஜாவில் எட்டு வருஷம் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் குனிந்து உட்கார்ந்திருந்தவன், ராத்திரி அறைக்குத் திரும்பி மேல்கட்டிலில் படுத்தபடியே வீடியோ பார்த்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தான். லீவு முடிந்தது, அவன் திரும்பிப் போகவில்லை. அன்றிலிருந்து ஒரே ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தான். பெயர் ‘கடை தொறந்தாச்சு’. பிரியாணிக் கடை நடத்தும் விளையாட்டு. விடிகாலையில் கறி வெட்டி, சீரகச் சம்பா ஊறவைத்து, விறகை இழுத்து இழுத்துத் தீயைக் குறைத்துத் தம் போட்டு, பதினொரு மணிக்கு மூடியைத் திறக்கவேண்டும். அதற்குள் வாசலில் தறிக்காரர், கண்டக்டர், கல்யாண வீட்டார் என்று கூட்டம் சேர்ந்துவிடும். சங்கரன்கோவிலில் பிறந்தவன் வேறு எதைச் செய்வான்?

பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு அது பிடித்துப்போனது. புத்தகத்துக்குப் பதிப்பகம் மாதிரி விளையாட்டுக்கும் பப்ளிஷர் உண்டு. விளையாட்டை ஆப் ஸ்டோரில் ஏற்றுவது, விளம்பரம் செய்வது, நாடு நாடாகக் கொண்டுபோவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒப்பந்தம் வந்தது. அதில் ஒரு வரி: ‘வயது ரேட்டிங் பன்னிரண்டு பிளஸ் அல்லது அதற்குக் கீழே இருக்கவேண்டும், இருபதாம் தேதிக்குள் வந்திருக்கவேண்டும்.’ ரியாஸ் அந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்தான். பிரியாணிக்கு என்ன வயது?

இன்னொரு பக்கம், ஷிபாவின் அண்ணன் மன்சூர் அலி சார்ஜாவிலிருந்து விசா எடுத்து வைத்திருந்தான். மாதக் கடைசிக்குள் வந்து இறங்கவேண்டும், இல்லையென்றால் அது காலாவதி. ‘பெங்களூர்க்காரங்க கேமை எடுத்துட்டா நான் வரல மச்சான். எடுக்கலைன்னா பெட்டியைக் கட்டிட்டு வாரேன்’ என்று ரியாஸ் வாக்குக் கொடுத்திருந்தான். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவனும் ஷிபாவும் ஒரே வீட்டில் இருந்தது, இந்த இரண்டு வருஷத்தையும் சேர்த்தால், இரண்டரை வருஷம் தேறும். இந்த ஏற்பாட்டைக் கேட்டு ஷிபா ஆமாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அவனுடைய முழுக்கைச் சட்டை இரண்டைத் துவைத்து மாடியில் காயப்போட்டாள், அவ்வளவுதான். அதைப் பார்த்துத் தெருவில் பாதிப் பேர் ‘போகச் சொல்லுதா’ என்றார்கள். மீதிப் பேர் ‘சும்மா அழுக்கா இருந்திருக்கும்’ என்றார்கள்.

ரேட்டிங் வாங்குவது பெரிய காரியமில்லை. இணையத்தில் ஒரு படிவம், அதில் வரிசையாகக் கேள்விகள். ரத்தம் உண்டா, சூது உண்டா, போதை உண்டா என்று கேட்கும். சொல்கிற பதிலை வைத்து நாட்டுக்கு நாடு ஒரு வயதைப் போட்டு அனுப்பிவிடும். மூன்று, ஏழு, பன்னிரண்டு, பதினாறு, பதினெட்டு. யாரும் விளையாடிப் பார்ப்பதில்லை. செய்தவன் சொன்னால் சரி.

இங்கேதான் ரியாஸ் ஒரு காரியம் செய்தான். வெளியூரில் யாரும் செய்யமாட்டார்கள். நம்மூரில் செய்யாதவர் கிடையாது. அந்தப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு பிரவுசிங் சென்டர் இசக்கித்துரையிடம் போனான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் இசக்கித்துரை இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், பாஸ்போர்ட் எதுவானாலும் அவர் கைதான். இன்ஜினியரிங் படித்தவன்கூட மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவர் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்காருவான். ரியாஸின் முதல் பாஸ்போர்ட் மனு, அவனே நிரப்பியது, இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாவது தடவை இசக்கித்துரை நிரப்பினார், பன்னிரண்டாம் நாள் போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து படிவம் என்று பெயர் இருந்தால் ரியாஸ் நேரே அந்த மாடிக்குத்தான் வருவான். இசக்கித்துரையின் கொள்கை ஒன்றே ஒன்று. இருக்கிறதை இருக்கென்று போடு, மறைத்தால் திரும்பி வரும்.

“என்னவே பாய், பாஸ்போர்ட்டு ரினியூவலா?”

“இல்ல அண்ணாச்சி. கேமுக்கு ஒரு ஃபார்ம்.”

“எதுக்கா இருந்தா என்ன, ஃபார்ம் ஃபார்ம்தான. உக்காரும்.”

ரியாஸ் உட்கார்ந்தான். பதினைந்து நாளாக ஒழுங்கான தூக்கம் கிடையாது. விசிறிக் காற்று பட்டதும் கண் சொருகியது. இசக்கித்துரை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழாக்கிக் கேட்க ஆரம்பித்தார்.

“வன்முறை இருக்கான்னு கேக்கான்.”

“இல்ல அண்ணாச்சி. பிரியாணிக் கடை.”

“ஆடு உண்டா?”

“உண்டு. கொக்கியில தொங்கும்.”

“உயிரோடயா?”

“உயிரோட எப்படித் தொங்கும்?”

“அப்ப எவனோ வெட்டியிருக்கான்லா. ஆடு தானா வந்து மாட்டிக்கிடுமா? ஆமான்னு போடுதேன். ரத்தம்?”

“பலகையில கொஞ்சம். வெட்டும்போது.”

“ஆமா. ஆயுதம்?”

“வெட்டுக்கத்தி இருக்கு.”

“ஆமா. உடம்பு தெரியுத மாதிரி ஆளு?”

ரியாஸ் யோசித்தான். “அரிசி மூட்டை எறக்குறவரு சட்டை போட்டிருக்க மாட்டாரு.”

“கீழ?”

“கைலி கட்டியிருக்காரு.”

“பாதிதான் தெரியுது. பாதிக்குன்னு தனியாக் கட்டம் இல்லையே.” இசக்கித்துரை உதட்டைப் பிதுக்கினார். “ஆமான்னே போட்டுருவோம். பீடி, சிகரெட்டு?”

“தறிக்காரரு ஒருத்தரு காதுல பீடி சொருகியிருப்பாரு. பத்தவைக்க மாட்டாரு.”

“அவரு பத்தவைக்காரோ இல்லையோ, இருக்குல்லா? சூதாட்டம்?”

“அதெல்லாம் கிடையாது. கல்லாப் பக்கத்துல குலுக்கல் பெட்டி ஒண்ணு இருக்கும். சீட்டு விழுந்தா ஒரு பிரியாணி இலவசம்.”

“விழலைன்னா?”

“இல்ல.”

“அப்ப சூதுதான் பாய். உங்க மார்க்கத்துலயும் ஆகாதுல்லா? ஆமா. வெளையாடுறவங்க ஒருத்தரோட ஒருத்தரு பேசிக்கிடுவாங்களா?”

ரியாஸ் தூங்கிவிட்டான். தலை நெஞ்சில் கவிழ்ந்திருந்தது.

“கடைக்கு வாரவன் ஊமையாவா தின்னுட்டுப் போவான்?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதையும் ஆமாம் என்று போட்டார் இசக்கித்துரை. கடைசியில் ‘மேலே சொன்ன யாவும் உண்மை’ என்ற கட்டம் வந்தது. அவர் வாழ்க்கையில் மிகவும் ரசித்து அழுத்துகிற கட்டம் அதுதான். அழுத்தினார். இரண்டு பிரதி அச்செடுத்தார். ஒன்றில் கடை முத்திரை குத்தி ரியாஸை எழுப்பிக் கையில் கொடுத்தார்.

படியிறங்குவதற்குள் போனில் மின்னஞ்சல் வந்துவிட்டது. பதினெட்டு பிளஸ். ரியாஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மேலேயிருந்து எட்டிப் பார்த்த இசக்கித்துரை, “எவ்வளவு வந்திருக்கு?” என்றார்.

“பதினெட்டு.”

“முன்ன ஏதோ பன்னெண்டு போதும்னு சொன்னீரு? கூடத்தான் வந்திருக்கு. போயிட்டு வாரும்.”

அந்தப் படியில் ரியாஸைத் தாண்டி இறங்கியவர்கள் நான்கு பேர். நான்கு பேருக்கும் காது உண்டு. சாயங்காலத்துக்குள் ரியாஸ் ‘பதினெட்டு வயசுக்கு மேல உள்ளவங்க மட்டும்’ பார்க்கிற என்னவோ ஒன்றை எடுத்துவிட்டான் என்று செய்தி போய்விட்டது. ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி ஷிபாவின் காதருகே குனிந்து, “ஏட்டி, அதுல யாரு நடிச்சிருக்கா?” என்று கேட்டாள். ஷிபா, “ஆடு” என்று சொல்லிவிட்டுப் பாமாயிலை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெங்களூரிலிருந்து ப்ரியதர்ஷினி கூப்பிட்டாள். ஒப்பந்தத்தைக் கவனிப்பவள், மதுரைக்காரி, நல்ல பிள்ளை. அன்றைக்கு அவள் குரல் மட்டும் நன்றாக இல்லை.

“சார், நிர்வாணம் இருக்குன்னு குடுத்திருக்கீங்க.”

“ஆமா மேடம்.”

“நான் மூணு தடவை முழுசா விளையாடிப் பாத்துட்டேன். எங்க சார் இருக்கு?”

“மூட்டை எறக்குறவரு மேடம்.”

அவள் பொறுமையாக விளக்கினாள். பதினெட்டு என்றால் விளம்பரக் கம்பெனிகள் ஏற்காது. ஸ்டோரில் முகப்பில் வைக்கமாட்டார்கள். பெற்றோர் பூட்டுப் போட்ட போனில் பெயரே தெரியாது. சில நாடுகளில் தனிச் சான்றிதழ் இல்லாமல் விற்கவே முடியாது. சேல்ஸ் ஆட்கள் எண்ணைப் பார்த்ததும் கோப்பை மூடிவிட்டார்கள்.

“ஃபார்மை மாத்திக் குடுத்துட்டாப் போதும்லா மேடம்? தப்பாப் போட்டுட்டோம்.”

“ஒரு தடவை இருக்குன்னு எழுதிட்டீங்களே சார். இப்ப வெறுமனே இல்லைன்னு எழுதினா எங்க லீகல்ல விடமாட்டாங்க. நாளைக்கு எவனாவது கேட்டா நாங்க மாட்டுவோம். நீங்க எதெல்லாம் ஆமான்னு போட்டீங்களோ, அதெல்லாம் கேம்லருந்து நிஜமாவே போகணும்.”

இருபதாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

படங்கள் வரைந்தவன் சாம்ராஜ். ராஜபாளையம் ரோட்டில் ஃப்ளெக்ஸ் போர்டு கடை வைத்திருக்கிறான். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் கைவண்ணம். ரியாஸின் விளையாட்டுக்காக அடுப்பிலிருந்து ஆட்டின் விலாவெலும்புவரை ஒவ்வொன்றாக ராத்திரி பகலாக உட்கார்ந்து வரைந்தவன். பட்டியலைப் படித்துவிட்டு அவன் ரியாஸை ஏறிட்டுப் பார்த்தான்.

“அண்ணே, இந்த மூட்டைக்காரரு எங்க சித்தப்பா. அவரு சட்டை போட்டு ஊருல ஒருத்தனும் பாத்ததில்ல. கல்யாண போட்டோவுலயே துண்டுதான்.”

“போட்டு விடுலே. ஒன்பது நாளுதான் இருக்கு.”

சாம்ராஜ் சட்டை போட்டுவிட்டான். சித்தப்பா பேங்க் மேனேஜர் மாதிரி ஆகிவிட்டார். மேனேஜர் மூட்டை தூக்குவது பார்க்கவே சங்கடமாக இருந்தது. தறிக்காரர் காதில் பீடி போய்ப் பென்சில் வந்தது. குலுக்கல் பெட்டிமேல் ‘உங்கள் கருத்து’ என்று எழுதினார்கள். கொக்கியிலிருந்து ஆட்டை இறக்கினார்கள். வெறும் கொக்கி இன்னும் பயமாக இருந்ததால் அதில் காலண்டர் மாட்டினார்கள். கத்தி போகவேண்டும் என்றதும் கறியை எதால் வெட்டுவது என்ற பிரச்சினை வந்தது. ஒருநாள் முழுக்க யோசித்து, கரண்டியால் வெட்ட வைத்தார்கள்.

“ரத்தமில்லாத கறி எப்பிடிண்ணே இருக்கும்?”

“பிரிட்ஜுல வச்ச மாதிரி. லேசா ரோஸ்.”

ரோஸ் பூசினான். சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. சாம்ராஜ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, திரையையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

“இது பிரியாணிக் கடை இல்லண்ணே. அங்கன்வாடி.”

ரியாஸுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. இந்தத் தடவை இசக்கித்துரையிடம் போகவில்லை. அந்தப் பாஸ்போர்ட் மனுவுக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு படிவத்தைத் தானே உட்கார்ந்து நிரப்பினான். எல்லாக் கேள்விக்கும் இல்லை, இல்லை, இல்லை. ஆடு இல்லை, கத்தி இல்லை, பீடி இல்லை. ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. மூன்று பிளஸ்.

அன்று ஷிபாவிடம் முட்டை போட்டுப் பரோட்டா கொத்தித் தரச் சொல்லிச் சாப்பிட்டான். மன்சூர் அலி கூப்பிட்டபோது, “மச்சான், அநேகமா நான் வரமாட்டேன்” என்று சொல்லும் அளவுக்கு அவனுக்கு தைரியம் வந்திருந்தது. அது சரியாக ஒரு ராத்திரி நீடித்தது.

“வாழ்த்துகள் சார்,” என்றாள் ப்ரியதர்ஷினி. “ஒரு சின்ன விஷயம்.”

பெங்களூரில் சின்ன விஷயம் என்று ஒன்று கிடையாது என்பதை ரியாஸ் அதற்குள் தெரிந்துவைத்திருந்தான்.

“மூணுன்னா ரொம்பக் கம்மியாப் போச்சு சார். பாக்குறதுக்கும் கார்ட்டூன் மாதிரி இருக்கா, நேரா குழந்தைகள் பிரிவுல தூக்கி வச்சிருவாங்க. அங்க போனா ஆளைப் பாத்து விளம்பரம் காட்ட முடியாது. நாட்டுக்கு ஒரு சட்டம் வேற. எங்களுக்கு விளம்பரத்துலதான சார் வருமானம்? சேல்ஸ்ல பன்னிரண்டு கேக்கிறாங்க. கரெக்ட்டா பன்னிரண்டு.”

“பன்னெண்டு, இல்ல அதுக்குக் கீழன்னுதான மேடம் போட்டிருக்கு?”

“அது லீகல் எழுதினது சார். இது சேல்ஸ் கேக்குறது.”

ரியாஸ் ஜன்னல் வழியே பார்த்தான். எதிர்வீட்டுத் தறி அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு எந்தக் கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

“இப்ப நான் என்ன செய்யணும்?”

“கொஞ்சமா ரத்தம் சேத்துக்கிட முடியுமா சார்?”

“எவ்வளவு மேடம்?”

“அளவுன்னு… ஒரு துளி மாதிரி.”

“ஆட்டு ரத்தமா, ஆளு ரத்தமா?”

“ஒரு நிமிஷம் சார், கேட்டுச் சொல்றேன்.”

கேட்டும் அவளால் உருப்படியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. ‘நீங்களே போட்டுப் பாருங்க’ என்றுதான் பதில் வந்தது. இருபதாம் தேதிக்கு நான்கு நாள். ரியாஸ் போட்டுப் பார்த்தான். சமையல்காரர் விரலில் கரண்டி பட்டு ஒரு துளி ரத்தம் வந்தால் ஏழு. இரண்டு துளி வந்தாலும் ஏழு. ஆட்டைத் திரும்பக் கொக்கியில் மாட்டினால் ஏழு. ஆடும் கத்தியும் துளியும் மூன்றும் சேர்ந்தால் தாவிப் பதினாறுக்குப் போய்விட்டது. நடுவில் பன்னிரண்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியவில்லை. பீடியைத் திருப்பிக் கொடுத்தான். சித்தப்பாவின் மேல் பட்டன் இரண்டைக் கழற்றினான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சாம்ராஜ் வரையவேண்டும், பிறகு இவன் படிவத்தை முதலிலிருந்து நிரப்பவேண்டும்.

“பெங்களூர்க்காரி என்னதான் சொல்லுதா?” என்று மன்சூர் அலி அங்கிருந்து கத்தினான். “டிக்கெட்டைப் போடவா வேண்டாமா, அதைச் சொல்லு மாப்ள.”

“ஆட்டைத் திருப்பிக் கேக்கா மச்சான்.”

“எந்த ஆட்டை?”

ரியாஸ் விளக்கவில்லை. போனைக் கட்டில்மேல் கவிழ்த்துவைத்தான்.

கேள்விகளை மறுபடி மேலிருந்து கீழ்வரை படித்தபோதுதான் வசவுச் சொல் என்ற பகுதி கண்ணில் பட்டது. இத்தனை நாளும் அதை இல்லை இல்லை என்றே தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். ஷிபா அப்போது கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஷிபா, ஒரு திட்டு சொல்லு.”

“யாரை?”

“பொதுவா.”

“பொதுவா எப்படித் திட்டுறது? ஆளைச் சொல்லுங்க.”

“கேமுக்கும்மா. சோறு லேட்டாவுதுன்னு ஒருத்தன் கடைக்காரனைத் திட்டுதான்னு வையி. பன்னெண்டு வயசுப் பிள்ளை கேக்கலாம், பதினொண்ணு கேக்கக்கூடாது. அந்த அளவுக்கு.”

ஷிபா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். “எடுபட்ட பயலே?”

“அது கெட்ட வார்த்தையா?”

“எங்க வாப்பா எங்க அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க. அண்ணனும் என்ன வாப்பான்னு வரும்.”

“அப்ப அது ஆகாது. இருக்குன்னு எழுதினா நெசமாவே கெட்டதா இருக்கணும். பெங்களூர்க்காரி கேப்பா.”

அவள் எழுந்து வந்து அவன் காதில் ஒன்று சொன்னாள். ரியாஸ் திடுக்கிட்டுத் திரும்பினான்.

“இதை எங்கடி கேட்ட?”

“குழாயடியில. நீங்க சார்ஜாவுல இருந்த எட்டு வருஷமும் தண்ணி தானாவா வீட்டுக்கு வந்துச்சு?”

அதை அப்படியே போட அவனுக்கு மனம் வரவில்லை. முதல் எழுத்தை மட்டும் விட்டு, மிச்சத்துக்கு நட்சத்திரம் போட்டான். ஆட்டைக் கொக்கியில் விட்டான், கத்தியை எடுத்துவிட்டான். படிவத்தைப் பதினோராவது தடவையாக நிரப்பினான். பன்னிரண்டு பிளஸ். தேதி பத்தொன்பது. பகல் மூன்று மணி. அனுப்பிவிட்டுத் தரையிலேயே படுத்தான்.

இருபதாம் தேதி பெங்களூரிலிருந்து சத்தமில்லை. இருபத்தொன்றும் இல்லை. இருபத்திரண்டாம் தேதி ப்ரியதர்ஷினி கூப்பிட்டபோது ‘ஒரு சின்ன விஷயம்’ என்று ஆரம்பிக்கவில்லை. அதிலேயே ரியாஸுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“பன்னிரண்டு வந்ததெல்லாம் சரிதான் சார். ஆனா இந்த ரேட்டிங் இழுபறியில எங்க அட்டவணையில உங்க இடத்துக்கு வேற கேம் போயிருச்சு. இனி இந்த வருஷம் சமையல் கேமே வேண்டாம்னு மேல முடிவெடுத்துட்டாங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லுறாங்க. அடுத்த வருஷம் பாப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது. கேம் உங்களுதுதான், உரிமையைத் திருப்பிக் குடுத்துடுறோம்.”

“சரி மேடம்.” கோபப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே.

“வைச்சிராதீங்க சார். இன்னொண்ணு பேசணும். இந்தக் கேள்விப் படிவத்தை இந்த வருஷம் மாத்திட்டாங்க. எங்க பழைய கேம் நாப்பத்தாறுக்கும் முதல்லருந்து பதில் குடுக்கணும். இங்க ஒருத்தரும் உக்காரமாட்டேங்கிறாங்க. ஒவ்வொரு கேமையும் கடைசி வரைக்கும் விளையாடி, என்ன இருக்கோ அதை எழுதணும். நீங்க பதினொரு தடவை குடுத்திருக்கீங்க. எது சேந்தா எந்த வயசுன்னு எங்க லீகலைவிட உங்களுக்குத் தெரியுது. நான் உங்க பேரைச் சொன்னேன். மாசச் சம்பளம். வீட்டுலருந்தே பாக்கலாம்.”

“உள்ளதை எழுதினா பதினெட்டு வந்துருமே மேடம்?”

“வந்தா வரட்டும் சார். அதைக் குறைக்கிறதுக்கு வேற டீம் இருக்கு.”

ரியாஸ் சுவரில் சாய்ந்துகொண்டான். இரண்டு வருஷம் செய்த கடை மூடியாகிவிட்டது. இனி அடுத்தவன் கடையில் போய் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் முப்பதாம் தேதிக்குள் மேல்கட்டில், அதிலிருந்து கையெட்டும் தூரத்தில் மேற்கூரை. எட்டு வருஷம் பார்த்த கூரை. அதில் எந்த மூலையில் காரை பெயர்ந்திருந்தது என்று இப்போதும் அவனால் சொல்ல முடியும். தன் வீட்டுக் கூரையில் அப்படி ஒன்றையும் அவனால் சொல்ல முடியாது.

“எப்ப சேரணும்?” என்று கேட்டான்.

சாம்ராஜிடம் போய்ச் சொன்னபோது அவன் ஒரு கவுன்சிலரின் பிறந்தநாள் போர்டுக்கு மீசை வரைந்துகொண்டிருந்தான். மீசையை முடிக்கும்வரை திரும்பவில்லை.

“என் படமெல்லாம்?”

“இருக்குலே. எங்கயும் போகல. வேற யார்ட்டயாவது காட்டுவோம்.”

“காட்டுங்க. சட்டை போடாத சித்தப்பாவைக் காட்டுங்க.” சாம்ராஜ் மீசைக்குக் கறுப்பு ஏற்றினான். “நான் போர்டே வரைஞ்சிக்கிடுதேண்ணே. வீச்சரிவாளைத் தூக்கிக்கிட்டு நிக்க மாதிரி போட்டாலும் பள்ளிக்கூடத்து வாசல்லதான் கட்டுதான். ஒருத்தனும் வயசு கேக்கல.”

கோபமாகத்தான் சொன்னான். டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினான்.

வீட்டுக்கு வந்து ஷிபாவிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் கை வேலையை நிறுத்தவில்லை.

“அப்ப இங்கனதான் இருப்பீங்களா?”

“ஆமா.”

“கேமு?”

“வரல.”

“அப்புறம் என்ன வேலை?”

“அடுத்தவன் செஞ்ச கேம்ல ரத்தம் இருக்கா, சூது இருக்கா, கெட்ட வார்த்தை இருக்கான்னு பாக்கணும்.”

“இருந்தா?”

“இருக்குன்னு எழுதணும்.”

“இல்லைன்னா?”

“இல்லைன்னு எழுதணும்.”

“இதுக்கு ஒரு ஆளா?”

“அதான் ஆளு கெடைக்கலையாம்.”

ஷிபா சிரித்தாள் என்று சொல்லமுடியாது. முக்காட்டை இழுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளே போனை எடுத்து அண்ணனுக்கு அடித்தாள். ரியாஸ் உள் அறையில் பாயை விரித்துப் படுத்திருந்தான். கதவு வழியாக அவள் குரல் கேட்டது.

“அண்ணே, அவங்க வரல… இல்ல, எடுக்கல… எடுக்கலைன்னாலும் வரல… நீங்க கத்துறது எனக்குக் கேக்குது, அவங்க தூங்குதாங்க. அந்த விசாவை வேற யாருக்காவது குடுத்துருங்க… ஆமா, நான்தான் சொல்லுதேன்.”

அவன் தூங்கவில்லை. அவள் சொன்னது பொய்யாகிவிடக்கூடாதே என்று கண்ணை மூடினான். ஐந்து நிமிஷத்தில் அது உண்மையாகிவிட்டது.

பக்கத்து வீட்டு மகபூப் பீவி அந்த நேரம் பார்த்துக் கிண்ணத்தோடு வந்தாள். கொஞ்சம் சீனி வேண்டுமாம். அவள் வீட்டில் யாரும் சீனி சேர்ப்பதில்லை, எல்லாருக்கும் சர்க்கரை என்பது தெருவுக்கே தெரியும்.

“என்ன ஷிபா, மாப்பிள்ளை கெளம்பியாச்சா? எந்த ஃபிளைட்டு?”

“கெளம்பல மாமி. இங்கனயே வேலை கெடைச்சிருச்சு. திங்கக்கிழமை சேரணும்.”

“என்ன வேலை?”

ஷிபா உள்ளே திரும்பிப் பார்த்தாள். ரியாஸ் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுத் தறிச் சத்தத்தையும் மீறி அது கேட்டது. நாற்பத்தாறு விளையாட்டு, திங்கட்கிழமையிலிருந்து.

“ஃபார்ம் நெரப்புற வேலை” என்றாள் ஷிபா.

“கவர்மெண்டா?” என்று கேட்டாள் மகபூப் பீவி. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.